மூவாயிரம் கட்டுரை கொண்டான்

சோழ மன்னர்கள் கொடுத்துவைத்தவர்கள். கங்கைக்குப் படை போனால் கங்கை கொண்டான். கடல் தாண்டிப் போனால் கடாரம் கொண்டான். கல்லில் வெட்டிய மெய்க்கீர்த்தியில் வெற்றிகள் வரிசையாக வரும், எதிரிகள் ஓடியதும் வரும். அந்தப் படையில் செத்தவன் பெயர் மட்டும் வராது. நம் காலத்து அறிவியல் மன்னர்களுக்கும் மெய்க்கீர்த்தி உண்டு. வெளியிட்ட கட்டுரைகள் இத்தனை, மற்றவர்கள் அவற்றை மேற்கோள் காட்டியது இத்தனை, இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் இவ்வளவு என்று மூன்று எண்களில் அது முடிந்துவிடும். எண் பெரிதானால் மேடை பெரிதாகும். மேடை பெரிதான பிறகு கேள்வி கேட்பவன் துரோகி.

தொற்றுநோய் அறிவியலில் இப்படி ஒரு மெய்க்கீர்த்தி பிரான்சின் மார்செய் நகரத்துப் பேராசிரியர் திதியே ரவுல்ட்டுக்கு வாய்த்தது. 1952-இல் செனகலின் டாக்கார் நகரில் பிறந்தவர். நீண்ட வெள்ளை முடி, தாடி, விரலில் மண்டையோட்டு மோதிரம். அவர் பெயர் தாங்கிய ஆய்வுக் கட்டுரைகள் மூவாயிரத்துக்கும் மேல். பாக்டீரியாப் பேரினம் ஒன்றுக்கே அவர் பெயரால் ரவுல்டெல்லா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கெல்லாம் தெருவுக்குப் பெயர் வைத்தாலே பெரிய காரியம். அவர் பெயரில் கிருமிகள் குடும்பத்தோடு வாழ்கின்றன.

அவர் வெறும் ஆள் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விப்பிள் நோய் என்று ஒன்று உண்டு. 1907-இல் விவரிக்கப்பட்ட அந்த நோயின் கிருமியை ஏறத்தாழ நூறாண்டுகளாக யாராலும் ஆய்வகத்தில் நிலையாக வளர்த்தெடுக்க முடியவில்லை. 2000-இல் வளர்த்துக் காட்டியது ரவுல்ட்டின் குழு. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு குளிர்விப்புக் கோபுரத்து நீரில் அகப்பட்டு, பல ஆண்டுகள் பாக்டீரியா என்றே நம்பப்பட்ட ஓர் உயிரி உண்மையில் மிமிவைரஸ் என்னும் ராட்சத வைரஸ் என்று 2003-இல் உலகுக்குச் சொன்னதிலும் அவருக்குப் பங்குண்டு. 2010-இல் பிரான்சின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான இன்செர்மின் பெரும்பரிசு வந்தது. இவை உண்மையான சாதனைகள். அதனால்தான் பிறகு நடந்ததைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒன்றும் தெரியாதவன் ஊரை ஏமாற்றினால் போலீசில் சொல்லலாம். எல்லாம் தெரிந்தவர் எண்ணுக்கு அடிமையானால் யாரிடம் போய்ச் சொல்வது?

விப்பிள் கிருமியை முதன்முதல் வளர்த்தபோது அது இரட்டிப்பாக 18 நாள் எடுத்துக்கொண்டதாக அந்தக் கட்டுரையே கணக்கிடுகிறது. பாவம், அவசரமில்லாத கிருமி. பேராசிரியரின் உச்ச ஆண்டுகளில் அவர் பெயரில் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வெளியாயின. அதாவது கிருமி ஒன்று இரண்டாவதற்குள் கட்டுரை ஐந்து. 

2018-இல் ஆய்வாளர் ஜான் அயோனிடிஸும் அவர் சகாக்களும் நேச்சர் இதழில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆண்டுக்கு 72-க்கு மேல், அதாவது ஐந்து நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் கட்டுரை வெளியிடுகிறவர்கள் உலகில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் தேறினார்கள். ஐந்து நாளில் ஒரு கட்டுரையை எழுதுவது இருக்கட்டும். ஒழுங்காகப் படித்து முடிக்க முடியுமா? தரவைச் சரிபார்த்து, படங்களை உற்றுப் பார்த்து, நோயாளி கையெழுத்துப் போட்ட தாளைக் கண்ணால் கண்டு, பிறகு தன் பெயரைப் போட எவ்வளவு நேரம் வேண்டும்? இந்தக் கேள்விக்கு உலகமெங்கும் ஒரே பதில்தான்: ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியில் வருவது வழக்கம், சார். அந்த வழக்கத்தின்படி பெயர் போடுவது தலைவர் உரிமை, பிழை வந்தால் அது மாணவன் கடமை.

பிழையும் வந்தது. 2006-இல் அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் இதழுக்குப் போன ஒரு கட்டுரையில் வெவ்வேறு சோதனைகள் என்று காட்டப்பட்ட படங்கள் ஒன்றாகவே இருந்ததை மதிப்பீட்டாளர் ஒருவர் பிடித்துவிட்டார். ரவுல்ட் உள்ளிட்ட ஆசிரியர்களுக்கு ஓராண்டு காலம் அந்தச் சங்கத்தின் இதழ்களில் எழுதத் தடை. அந்த ஆய்வைத் தான் நேரடியாகக் கையாளவில்லை, எல்லாரையும் சேர்த்துத் தண்டிப்பது நியாயமில்லை என்று அவர் வாதிட்டார். கவனியுங்கள்: கட்டுரை எண்ணிக்கையில் சேரும்போது அது அவருடையது, தண்டனையில் சேரும்போது கூட்டத்தோடு கோவிந்தா.

சரி, இத்தனை கட்டுரை எதற்கு? அறிவுத் தாகம் என்பார்கள். தாகத்துக்குப் பின்னால் ஒரு குழாயும் இருக்கிறது. பிரெஞ்சு அரசு மருத்துவமனைகளில் சிகாப்ஸ் என்று ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. கட்டுரையில் உங்கள் பெயர் முதலில் வந்தால் 4, கடைசியில் வந்தாலும் 4, இரண்டாவது என்றால் 3, மூன்றாவது 2, நடுவில் நசுங்கினால் 1. இதை இதழின் தரத்தால் பெருக்க வேண்டும். உச்சத் தர இதழுக்கு 8, அடுத்தடுத்து 6, 4, 3, 2, தரவரிசையிலேயே இல்லாத இதழுக்கும் 1. கொரோனாக் காலம் வரை இருந்த கணக்கு இது. வந்த புள்ளிகளுக்கு ஏற்ப மருத்துவமனைக்கு அரசுப் பணம். ஒரு புள்ளி பல நூறு யூரோ பெறும். அதுவும் ஒரு முறை அல்ல, சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து.

கணக்கில் கெட்டிக்காரர்கள் உடனே பென்சிலை எடுப்பார்கள். உலகின் தலைசிறந்த மருத்துவ இதழில், பல ஆண்டு உழைத்து ஒரு கட்டுரை போட்டால் நாலெட்டு முப்பத்திரண்டு. யாரும் தேடிப் படிக்காத நாலாந்தர இதழில் மூன்று கட்டுரை போட்டால் மும்முறை பன்னிரண்டு, முப்பத்தாறு. உழைத்தவனுக்கு 32, உருட்டியவனுக்கு 36. இந்த விதியை எழுதி வைத்துவிட்டு, ஏன் ஐயா இத்தனை சின்னச் சின்னக் கட்டுரை என்று கேட்பது, வழியில் எலும்பைப் போட்டுவிட்டு நாய் ஏன் நின்றது என்று கேட்பதற்குச் சமம். இதில் நாயைக் குறை சொல்வதற்கில்லை.

இதழ்களுக்கு எங்கே போவது? அதற்கும் வழி பக்கத்திலேயே இருந்தது. புதிய நுண்ணுயிர்களுக்கும் புதிய தொற்றுகளுக்குமாக நடந்த ஓர் இதழின் ஆசிரியர் குழுவில் மார்செய்க்காரர்கள் பலர். அதில் 2013 முதல் 2020 வரை வந்த கட்டுரைகளை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் ரவுல்ட்டின் பெயர் இருந்தது. வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் நாமே, மொய் எழுதுகிறவரும் நாமே. குறை சொல்ல என்ன இருக்கிறது? வெளியாள் வந்து குறை கண்டுபிடிக்கும் தொல்லை இல்லை.

இந்த ஏற்பாடெல்லாம் கிருமிகளின் பெயர்ப் பட்டியல் தயாரிப்பதோடு நின்றிருந்தால் பிரெஞ்சுக்காரர்களின் வரிப்பணத்தோடு போயிருக்கும். 2020 வந்தது.

பிப்ரவரி 25 அன்று ரவுல்ட் ஒரு காணொளி வெளியிட்டார். தலைப்பு: கொரோனா வைரஸ், ஆட்டம் முடிந்தது. குளோரோகுவின் என்ற பழைய மலேரியா மருந்தின் புகழ் அதில் பாடப்பட்டது. ஆட்டம் யாருக்கு முடிந்தது என்பது அடுத்த மாதங்களில் வடக்கு இத்தாலியிலும் நியூயார்க்கிலும் தெரிந்தது. மார்ச் 16-ஆம் தேதி, அவருடைய ஐ.எச்.யு. என்னும் தொற்றுநோய் நிறுவனத்திலிருந்து ஒரு கட்டுரை, கிருமி எதிர்ப்பு மருந்துகளுக்கான ஒரு சர்வதேச இதழுக்குப் போனது. குளோரோகுவினின் உறவுக்கார மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுவின் கொடுத்தால் மூக்கில் வைரஸ் மறைகிறது, அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்த்தால் அடியோடு மறைகிறது என்பது சாரம். மார்ச் 17 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆம், மறுநாள். சக ஆய்வாளர் மதிப்பீடு, திருத்தம், மறு மதிப்பீடு எல்லாம் ஒரு பகல் ஓர் இரவுக்குள். அந்த இதழின் தலைமை ஆசிரியர் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் என்பதற்கும் இந்த வேகத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவர் முடிவெடுக்கும் வேலையிலிருந்து ஒதுங்கி நின்றாராம். எவ்வளவு தூரம் ஒதுங்கினார் என்பதற்கு அளவு இல்லை.

கட்டுரையின் உள்ளே போவோம். சேர்க்கப்பட்டவர்கள் 42 பேர். மருந்து பெற்றவர்கள் 26, ஒப்பீட்டுக் குழுவில் 16. ஒப்பீட்டுக் குழுவில் வேறு ஊர் மருத்துவமனை நோயாளிகளும், மருந்து வேண்டாம் என்றவர்களும். யாருக்கு எது என்று குலுக்கல் போடவில்லை. முடிவு எழுதும்போது 42 பேர் 36 ஆனார்கள். காணாமல் போன ஆறு பேரும் மருந்து பெற்ற குழுவைச் சேர்ந்தவர்கள். மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். ஒருவர் இறந்தார். ஒருவர் வீட்டுக்குப் போனார். ஒருவர் குமட்டல் தாங்காமல் மருந்தை நிறுத்தினார். இந்த ஆறு பேரையும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, மீதி இருபதில் 14 பேருக்கு ஆறாம் நாள் வைரஸ் இல்லை, வெற்றி விகிதம் 70 விழுக்காடு என்று எழுதினார்கள். இரண்டு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்கள் ஆறே பேர். அந்த ஆறுக்கு ஆறு, நூற்றுக்கு நூறு. அந்த நூற்றுக்கு நூறில் ஒருவருக்கு எட்டாம் நாள் வைரஸ் திரும்பவும் தென்பட்டது. அதையும் கட்டுரையே சொல்கிறது, படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்காக.

பள்ளிக்கூடத்தில் தோற்கப் போகும் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டு நூறு சதவீதத் தேர்ச்சி என்று பதாகை கட்டுகிறவர்களை நமக்குத் தெரியும். அங்கே நிறுத்தப்பட்ட பிள்ளை அடுத்த ஆண்டு எழுதலாம். இங்கே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் செத்துப்போனார்.

படிக்கிற பழக்கம் உலகத் தலைவர்களுக்கு இல்லை. மார்ச் 20 அன்று கட்டுரை வெளியானது. மறுநாள் அமெரிக்க அதிபர் ட்ரம்ப் இந்த இரண்டு மருந்தும் மருத்துவ வரலாற்றையே மாற்றக்கூடும் என்று ட்விட்டரில் முழங்கினார். மார்ச் 28 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஹைட்ராக்சிகுளோரோகுவினுக்கு அவசரகால அனுமதி தந்தது. ஜூன் 15 அன்று தந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஏப்ரல் 9 அன்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் பாரிசிலிருந்து மார்செய்க்கு நேரில் போய்ப் பேராசிரியரைத் தரிசித்தார்.

நம் ஊரும் தப்பவில்லை. மார்ச்சில் அந்தக் கட்டுரை வெளியான சில நாளிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணிக்குழு, ஆய்வகச் சான்றுகளைக் காட்டி, நோய் வராமல் தடுக்க மருத்துவப் பணியாளர்கள் ஹைட்ராக்சிகுளோரோகுவின் சாப்பிடலாம் என்று பரிந்துரைத்தது. அந்த மாத்திரையின் உலகத் தேவையில் பெரும்பகுதியைச் செய்து தருவது இந்தியா. முதலில் ஏற்றுமதிக்குத் தடை போட்டோம். ட்ரம்ப் பதிலடி என்று முறைத்ததும் தளர்த்தினோம். அந்த வாரங்களில் மருந்துக் கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர்கள் யார்? லூபஸ் நோயாளிகளும் முடக்குவாத நோயாளிகளும். அவர்களுக்கு அந்த மாத்திரை நாளாந்தச் சோறு போன்றது. உண்மையில் வேலை செய்யும் நோய்க்கு மருந்து இல்லாமல் போனது, வேலை செய்யாத நோய்க்கு அள்ளிக் கொடுக்கப்பட்டது.

வேலை செய்யாது என்பது எப்போது தெரிந்தது? பிரிட்டனின் ரிகவரி ஆய்வு 2020 ஜூன் 5 அன்றே சொல்லிவிட்டது. 1,561 பேருக்கு மருந்து, 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சை. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். 28 நாளில் இறந்தவர்கள் மருந்துக் குழுவில் 27 விழுக்காடு, மற்ற குழுவில் 25. யாரையும் கணக்கிலிருந்து தள்ளவில்லை. செத்தவர்களையும் எண்ணினார்கள். ஆய்வு என்றால் அதுதான். ஆனால் அத்தனை ஆயிரம் பேரை வைத்து நடந்த அந்த ஆய்வும் வெளியீட்டுப் பட்டியலில் ஒரு கட்டுரை. 36 பேரை வைத்து நடந்ததும் ஒரு கட்டுரை. எண்ணுகிறவனுக்கு இரண்டும் ஒன்று.

மேற்கோள் கணக்கின் அழகும் இதுதான். மார்செய்க் கட்டுரையை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டின. நம்பி எடுத்தாண்டவர்கள் உண்டு. இது எப்படிப்பட்ட ஓட்டை என்று பக்கம் பக்கமாக விளக்கியவர்களும் உண்டு. இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. வாழ்த்தினாலும் ஒன்று, திட்டினாலும் ஒன்று. இந்தக் கணக்கில், ஊரே கூடி ஒருவரைத் திருடன் என்று கத்தினால் அவர் ஊரில் மிகவும் பேசப்படுபவர் ஆகிறார். தவறு எவ்வளவு பெரிதோ, எச்-இண்டெக்ஸுக்கு அவ்வளவு ஊட்டம்.

மார்செய்க் கட்டுரையை வெளியிட்ட இதழை நடத்தும் சங்கம், இந்தக் கட்டுரை எங்கள் தரத்துக்கு எட்டவில்லை என்று 2020 ஏப்ரல் 3 அன்றே அறிக்கை விட்டது. வெளியாகி இரண்டு வாரம். அதே இதழ் ஒரு வெளி நிபுணரிடம் மறு மதிப்பீடு வாங்கி, கட்டுரை முறையியலில் படுமோசம் என்ற அவர் தீர்ப்பையும் அச்சிட்டது. பிறகு? பிறகு ஒன்றுமில்லை. கட்டுரை அங்கேயே இருந்தது. திரும்பப் பெறப்பட்டது 2024 டிசம்பர் 17 அன்று. ஏற்க ஒரு நாள். விலக்க நாலே முக்கால் ஆண்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதி வருவதற்கு முன்பே நோயாளிகள் சேர்க்கப்பட்டார்களா, அசித்ரோமைசின் கொடுக்க அவர்களிடம் முறையாக ஒப்புதல் பெறப்பட்டதா என்பதை உறுதி செய்ய முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் சில. ஆசிரியர்களில் மூவர் தங்கள் பெயரைத் துண்டித்துக்கொள்ள விரும்பினார்கள். திரும்பப் பெறப்பட்ட கொரோனாக் கட்டுரைகளில் இதுவரை மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது இதுவே என்ற பெருமையும் வந்து சேர்ந்தது. பட்டம் ஒன்று கூடியது.

எதிர்த் தரப்பு மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 2020 மே 22 அன்று லான்செட் இதழ், இந்த மருந்து ஆளைக் கொல்கிறது என்று ஒரு கட்டுரை போட்டது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளிகள் என்று கண்ணைப் பறிக்கும் எண்கள். சர்ஜிஸ்பியர் என்ற சின்ன நிறுவனம் தந்த தரவு. உலக சுகாதார நிறுவனமே பயந்துபோய்த் தன் சோதனையை நிறுத்திவைத்தது. தரவைக் காட்டுங்கள் என்றதும் காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மார்செயில் 36 பேர், இங்கே 96,000 பேர். ஒரு தரப்பு ஆளைக் கழித்து எண்ணியது, இன்னொரு தரப்பு ஆளைக் காட்டாமலே எண்ணியது. இரண்டு தரப்புக்கும் பொதுவானது எண்ணின் மேல் உள்ள பக்தி.

இந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்த சில பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு காரியம் செய்தார்கள். காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் ஆசிய மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். தள்ளு ஸ்கூட்டர் விபத்துகளைத் தடுக்க ஹைட்ராக்சிகுளோரோகுவின் உதவுமா என்பது ஆய்வுப் பொருள். கொரோனாவைவிட ஸ்கூட்டர் ஆபத்து என்ற பாணியில் ரவுல்ட் முன்பு பேசியதற்கான குத்தல் அது. கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் நெமோ மக்ரோன். அதிபர் மாளிகையில் வசிக்கும் நாய். இதழ் ஏற்றுக்கொண்டு அச்சிட்டது. உலகம் சிரித்த பிறகுதான் எடுத்தது. அந்த நாயின் பெயரில் இருந்தது ஒரே கட்டுரை, அதையும் திரும்ப எடுத்துவிட்டார்கள். அதைவிட நேர்மையான வெளியீட்டுப் பதிவு அந்த ஆண்டில் பலருக்கு இல்லை.

இவ்வளவு நேரம் சிரித்தது போதும். அடுத்ததைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை.

மனிதர்கள் மேல் ஆய்வு நடத்த வேண்டுமானால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒவ்வோர் அனுமதிக்கும் ஓர் எண். 2023 ஆகஸ்டில் ஃபாப்ரீஸ் ஃபிராங்க் என்பவரும் சகாக்களும் ஐ.எச்.யு.வின் 456 ஆய்வுகளை எடுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் 248 ஆய்வுகள் ஒரே அனுமதி எண்ணைக் காட்டின. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மாதிரிகள், வேறு வேறு நாடுகள். எண் மட்டும் ஒன்று. இன்னும் 39 ஆய்வுகளில் மனிதர்கள் உண்டு, எண்ணே இல்லை. ரவுல்ட் தரப்பு, சட்டப்படிதான் நடந்தோம் என்று மறுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிரான்சின் மருந்துப் பாதுகாப்பு முகமை சோதனை நடத்தி, மனிதர்கள் மீதான ஆய்வு விதிகள் கடுமையாக மீறப்பட்டதாகச் சொல்லி, அரசு வழக்கறிஞரிடம் விவகாரத்தைக் கொண்டுபோயிருந்தது. 2022 டிசம்பரில் ப்ளோஸ் பதிப்பு நிறுவனம் ஐ.எச்.யு.வின் 49 கட்டுரைகளின் மேல் எச்சரிக்கைக் குறிப்பு ஒட்டியது. 2024 தொடக்கத்தில் அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் ஏழு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் யார்? மார்செய் நகரத்து விடுதிகளில் ஒதுங்கியிருந்த வீடற்றவர்கள். ஆப்பிரிக்க நாடுகளில் ரத்தமும் சளியும் மலமும் கொடுத்தவர்கள். வேண்டாம் என்று சொல்ல வசதி இல்லாதவர்கள். பாரிசில் நல்ல வட்டாரத்தில் வீடு வைத்திருப்பவரின் மூக்கில் குச்சி விட வேண்டுமானால் மூன்று தாளில் கையெழுத்து, இரண்டு விளக்கம், வழக்கறிஞரின் பெயர். தெருவில் படுத்திருப்பவனுக்கு ஏற்கெனவே ஓர் எண் தயாராக இருக்கிறது. பெயரில்லாத மனிதர்களுக்குப் பொதுவாக ஒரே எண். அவர்களின் உடம்பிலிருந்து எடுத்தது கட்டுரை ஆனது, கட்டுரை புள்ளி ஆனது, புள்ளி யூரோ ஆனது. அந்த யூரோவில் ஒரு போர்வையாவது அவர்களுக்கு வந்ததா? வளர்ந்த நாடுகள் பிறரது மண்ணைத் தோண்டி எடுத்த காலம் முடிந்துவிட்டதாகப் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். தோண்டுவது நிற்கவில்லை, இப்போது மூக்கில் தோண்டுகிறார்கள்.

இதையெல்லாம் சுட்டிக்காட்டியவர்களுக்கு என்ன பரிசு? படங்களில் மோசடியைக் கண்டுபிடிப்பதில் பெயர் பெற்ற எலிசபெத் பிக், ஐ.எச்.யு.வின் கட்டுரைகளில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றில் சந்தேகங்களைப் பட்டியலிட்டார். 2021-இல் அவர் மேல் ரவுல்ட் தரப்பு அரசு வழக்கறிஞரிடம் புகார் கொடுத்தது: துன்புறுத்துகிறாராம், மிரட்டுகிறாராம். படத்தைப் பார்த்து இது அதே படம்தானே என்று கேட்பது மிரட்டலானால், கண் வைத்திருப்பவர்கள் எல்லாரும் குற்றவாளிகள்.

புகாரும் கேள்வியும் ஒருபுறம் நடக்க, மருந்து கொடுப்பது நின்றதா? 2023-இல் அதே குழு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கோடு, சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முந்தைய முன்பதிப்பு ஒன்றை வெளியிட்டது. வேலை செய்யாது என்று உலகம் அறிந்த பிறகும் அந்த மருந்து எழுதித் தரப்பட்டிருந்தது. பிரான்சின் 16 மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடி, நாம் அறிந்தவரையில் அனுமதியின்றி நடந்த மிகப் பெரிய மருந்துச் சோதனை இதுதான் என்று பகிரங்கமாக எழுதின. அதற்குள் மூன்றாண்டு போயிருந்தது. 

கடைசியில் தண்டனை வந்தது. பிரெஞ்சு மருத்துவர் சங்கத்தின் தேசிய ஒழுங்கு மன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது: 2025 பிப்ரவரி 1 முதல் இரண்டாண்டு மருத்துவத் தொழில் செய்யத் தடை. பேராசிரியர் 2021-இலேயே பணி ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வு பெற்றவர் வேலை செய்யக் கூடாது என்று நாலாண்டு யோசித்துத் தீர்ப்புச் சொன்ன நீதிமான்களை என்னவென்று பாராட்டுவது? 2024 முடியும்போது அவருடைய திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் இருபதைத் தாண்டிவிட்டன. அதன் பிறகும் கூடிக்கொண்டிருக்கின்றன. மூவாயிரத்தில் சில பத்து என்ன பெரிது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மூவாயிரம் என்ற எண் இந்த ஒரு வேலைக்காவது பயன்படுகிறது.

ஒரு மனிதரை வைது தீர்த்துக்கொள்ள இதை எழுதவில்லை. தனி ஒருவர் இதைச் செய்ய முடியாது. ஒரே நாளில் ஏற்ற இதழ், இரண்டு வாரத்தில் தரமில்லை என்று தெரிந்தும் நாலே முக்கால் ஆண்டு வைத்திருந்த சங்கம், புள்ளிக்குப் பணம் கொடுத்த அமைச்சகம், பணம் வந்ததால் கேள்வி கேட்காத மருத்துவமனை, ஒரே எண்ணை 248 முறை பார்த்தும் ஒருமுறைகூட முகம் சுளிக்காத மதிப்பீட்டாளர்கள் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு. இவர்களில் ஒருவருக்கும் தடை இல்லை, ஒருவரும் ஒரு யூரோ திருப்பித் தரவில்லை என்றால், ஒரு கிழவரைத் தண்டித்தது கை கழுவும் சடங்கு. இந்த ஏற்பாடு அப்படியே இருக்கும்வரை அடுத்த ரவுல்ட் இந்நேரம் எங்கோ தொள்ளாயிரமாவது கட்டுரையில் கடைசிப் பெயராகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

செய்ய வேண்டியது கடினமும் இல்லை. திரும்பப் பெற்ற கட்டுரைக்குக் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குங்கள். திரும்பப் பெற்றதற்கு வந்த மேற்கோளையும் கணக்கிலிருந்து அடியுங்கள். தன் கட்டுரையைத் தன் இதழில் போடும் ஆசிரியருக்கு அந்தக் கட்டுரையின் புள்ளி பூஜ்யம் என்று எழுதுங்கள். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஐந்தே கட்டுரை கேளுங்கள். அந்த ஐந்தையும் தேர்வுக் குழு முழுதாகப் படிக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தொற்று வரும். அப்போதும் தொலைக்காட்சியில் ஒருவர் உட்காருவார். அவர் பெயருக்குக் கீழே ஆயிரக்கணக்கில் ஓர் எண் ஓடும். அந்த எண்ணைப் பார்த்துக் கும்பிடாதீர்கள். எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், எத்தனை பேரைக் கழித்தீர்கள், கழித்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லாதவரின் மாத்திரையை வாயில் போடாதீர்கள்.